ஷாம் தாசீல் படம் ஒன்று கையில் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது

1818 மார்ச்சில், நெப்போலியனின் பழைய அதிகாரிகளும் சிப்பாய்களும் டெக்சாஸில் டிரினிட்டி ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பைத் தொடங்கினார்கள். அதற்கு ஷாம் தாசீல், அதாவது அடைக்கல வயல், என்று பெயர் வைத்தார்கள். ஜூலை முடியும் நேரத்தில் அதைக் கைவிட்டுக் கிளம்பியும் விட்டார்கள். விளைச்சல் என்று சொல்லும்படி அங்கே எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் குடியிருப்பைக் காட்டும் படங்கள் பாரிசில் செப்புத் தகட்டில் பொறிக்கப்பட்டு, அச்சாகி, கையால் வண்ணம் பூசப்பட்டு விற்றன. கடைகளில் அவை வரிசையாகத் தொங்கிய காலத்தில், டிரினிட்டிக் கரையில் புல் முளைத்துக்கொண்டிருந்தது.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். பழைய அச்சுப்படங்களைப் பட்டியலிட்டு விவரக்குறிப்பு எழுதுவது என் தொழில். ஷாம் தாசீல் படங்கள் விற்பனைக்கு வரும்போதெல்லாம் 'டெக்சாஸின் மிகப் பழைய காட்சிகளில் ஒன்று' என்ற வரி கூடவே வருகிறது. அந்த வரியைப் படித்துவிட்டுப் படத்தை வாங்குகிறவர் அதில் டெக்சாஸைத் தேடுவார், கிடைக்காது. அதில் இருப்பது பாரிசின் ஏக்கம். அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், ஒரு நல்ல நிலக்காட்சி சொல்வதைவிட இந்தப் படம் எவ்வளவோ அதிகம் சொல்லும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். படம் உங்களுடையதாக இருந்தாலும் சரி, அருங்காட்சியக இணையதளத்தில் பார்ப்பதாக இருந்தாலும் சரி, முறை ஒன்றுதான்.

முதலில் இரண்டு பத்தித் தேதிகள்

படத்தை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் டெக்சாஸ், வலப்பக்கம் பாரிஸ். இரண்டு பக்கமும் தேதிகளை எழுதிக்கொண்டே வாருங்கள். இதைச் செய்யாமல் மேலே போவதில் பயனில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இந்தப் படங்களின் உயிரே அந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கிறது.

இடப்பக்கத்தை வாட்டர்லூவிலிருந்து தொடங்கலாம். 1815 ஜூனில் நெப்போலியனுக்கு அங்கே கடைசித் தோல்வி. ஜூலை 24ஆம் தேதி, பிரான்சில் மீண்டும் ஆட்சிக்கு வந்த பூர்போன் மன்னரின் அரசு, நெப்போலியனின் ஆட்கள் மீது ஒரு தண்டனைப் பட்டியலை வெளியிட்டது. லாலமான் சகோதரர்கள் இருவர் பெயரும் அதில் இருந்தன. மூத்தவர் ஜெனரல் ஷார்ல் லாலமான். நெப்போலியன் சரணடைந்த 'பெல்லரஃபன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் வரை அவருடன் போனவர். நெப்போலியன் நாடுகடத்தப்பட்ட செயின்ட் ஹெலினா தீவுக்கு அவரோடு போக ஆங்கிலேயர்கள் அனுமதிக்கவில்லை, மால்டாவில் அடைத்தார்கள். பிரான்சில் அவர் இல்லாமலே மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. கடைசியில் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவரைப் போல் பலர் பிலடெல்பியாவில் கூடினார்கள். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட் பக்கத்திலேயே நியூ ஜெர்சியில் வசித்தார்.

1817 மார்ச் 3ஆம் தேதி அமெரிக்க காங்கிரஸ் இவர்களுக்கு அலபாமாவில் நான்கு டவுன்ஷிப் நிலம், அதாவது 92,160 ஏக்கர், ஏக்கர் 2 டாலர் விலையில் ஒதுக்கியது. திராட்சையும் ஆலிவும் பயிரிட வேண்டும் என்பது நிபந்தனை. இது வேறு குடியேற்றம், ஷாம் தாசீல் வேறு. இந்த வேறுபாட்டை இப்போதே அடிக்கோடிட்டு வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். லாலமானுக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் திராட்சைத் தோட்டத்தில் மனம் ஒட்டவில்லை. பலர் தங்கள் பங்கை விற்றுவிட்டு டெக்சாஸ் பயணத்துக்குத் தயாரானார்கள்.

1817 டிசம்பரில் ஜெனரல் ரிகோவின் தலைமையில் முதல் குழு 'ஹண்ட்ரஸ்' என்ற பாய்மரக் கப்பலில் பிலடெல்பியாவிலிருந்து புறப்பட்டது. 1818 ஜனவரியில் கால்வெஸ்டன் தீவில் இறங்கியது. அப்போது அந்தத் தீவு கடற்கொள்ளைக்காரர் ஜான் லஃபீட்டின் பிடியில் இருந்தது. கடத்தல் சரக்கும் அடிமை வியாபாரமும் நடந்த இடம். மார்ச்சில் லாலமான் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்து சேர, எல்லோருமாக டிரினிட்டி ஆற்றில் மேலே போனார்கள். மொத்தம் ஏறக்குறைய 150 பேர். இன்றைய லிபர்ட்டி, மாஸ் பிளஃப் ஊர்களுக்கு அருகே எங்கோ குடியேறினார்கள். சரியான இடம் இன்றுவரை உறுதியாகவில்லை. நிலம் ஸ்பெயினுடையது. அனுமதி எதுவும் வாங்கவில்லை.

வந்தவர்கள் முதலில் கட்டியது கோட்டை. மே மாதம் லாலமான் ஓர் அறிக்கை வெளியிட்டார்: நாங்கள் உழைத்துப் பிழைக்க வந்த உழவர்கள், யாரையும் தாக்க மாட்டோம், தாக்கினால் தற்காத்துக்கொள்வோம் என்ற தொனியில். அறிக்கை உழவைப் பேசியது, வாழ்க்கை ராணுவ முகாமாகவே நடந்தது. ஆட்கள் படைப்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். கோடை வந்ததும் சாப்பாடு குறைந்தது, நோய் கூடியது. சான் அன்டோனியோவிலிருந்து ஸ்பானியப் படை வருகிறது என்ற செய்தி எட்டியதும் ஜூலை கடைசியில் கால்வெஸ்டனுக்குப் பின்வாங்கினார்கள். செப்டம்பரில் ஒரு பெரும் புயல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. மிஞ்சியவர்களில் சிலர் கடல்வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கும், சிலர் நடந்தே லூசியானாவுக்கும் போனார்கள். இலையுதிர் காலத்தில் கேப்டன் காஸ்டன்யேடா தலைமையில் வந்த ஸ்பானிய வீரர்கள் எஞ்சியிருந்ததை அழித்தார்கள். 1819 பிப்ரவரி 22ஆம் தேதி அமெரிக்காவும் ஸ்பெயினும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சபைன் ஆறு எல்லையானது, டெக்சாஸ் ஸ்பெயினுக்கே போனது. கதை முடிந்தது.

இனி வலப்பக்கம். லாலமானின் அறிக்கை கடல் தாண்டிப் பாரிஸ் பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தபோது டெக்சாஸில் குடியிருப்பு ஆட்டம் கண்டிருந்தது. 'லா மினர்வ் ஃபிரான்சேஸ்' என்ற தாராளவாதப் பத்திரிகை, அகதிகளுக்காக நன்கொடை திரட்டத் தொடங்கியது. 1819 ஜூலையில் கணக்கை முடித்தபோது ஏறக்குறைய 95,000 பிராங்க் சேர்ந்திருந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நினைத்திருந்த குடியிருப்பு, பணம் கொடுத்த நாளில் பூமியில் இல்லை. அதே 1819இல் அங்கே உண்மையிலேயே இருந்துவிட்டு வந்த ஹார்ட்மன், மில்லார்ட் என்ற இருவர் பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார்கள். அங்கே போகாதவர்களும் எழுதினார்கள். பாட்டு வந்தது, நாவல் வந்தது, படங்கள் வந்தன.

இப்போது இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் படம் வலப்பக்கத்தில்தான் உட்காரும். இடப்பக்கம் அப்போது காலி.

படத்தின் அடியில் இருக்கும் எழுத்து

படத்தைவிட எழுத்தை முதலில் படிக்கும் பழக்கம் நல்லது. அச்சுப்படங்களின் கீழ் ஓரத்தில் வழக்கமாக மூன்று விஷயங்கள் இருக்கும்: இடப்பக்கம் வரைந்தவர், வலப்பக்கம் பொறித்தவர், நடுவில் தலைப்பும் பதிப்பாளர் முகவரியும். அந்தக் காலத்தில் பாரிசின் மலிவுப் படங்களின் தாயகம் சேன்-ஷாக் தெரு. பாசே என்ற பதிப்பாளர் குடும்பத்தின் கடையும் அங்கேதான். அந்த முகவரி இருந்தால், படம் பெரிய மனிதர்களின் சேகரிப்புக்காக இல்லாமல், சுவரில் ஒட்டிக்கொள்ளும் சாதாரண மக்களுக்காகத் தயாரானது என்று கொள்ளலாம். விலை குறைந்த படம் என்பதால் மதிப்பு குறைந்தது என்று நினைக்க வேண்டாம். பாதிச் சம்பளத்தில் விடப்பட்ட ஒரு பழைய அதிகாரி வாங்கக்கூடிய படம் அதுதான்.

இந்த வகையில் மிகவும் அறியப்பட்ட படத்தின் தலைப்பில் இரண்டு பெயர்கள் சேர்ந்து நிற்கின்றன: ஏக்ல்வீல், அப்புறம் 'டெக்சாஸ் குடியேற்றம் அல்லது ஷாம் தாசீல்'. மேலே அடிக்கோடிடச் சொன்னேனே, அது இதற்குத்தான். ஏக்ல்வீல் டெக்சாஸில் இல்லை. அது அலபாமாவில் திராட்சை, ஆலிவ் குடியேற்றத்தைச் சேர்ந்த ஊர். அந்தக் குடியேறிகள் முதலில் டெமோபோலிஸில் வீடுகள் கட்டினார்கள். நிலத்தை அளந்து பார்த்ததும் அந்த இடம் தங்களுக்கு ஒதுக்கிய எல்லைக்கு வெளியே இருப்பது தெரிந்தது. விட்டுவிட்டுப் புதிதாக அமைத்த ஊர்தான் ஏக்ல்வீல். டிரினிட்டிக் கரைக்கும் அதற்கும் நடுவில் நூற்றுக்கணக்கான மைல்கள். பாரிஸ் பதிப்பாளர் இரண்டையும் ஒரே ஊராக்கிவிட்டார்.

இதை வெறும் பிழை என்று குறித்துவிட்டுப் போகாதீர்கள். படம் எதை வைத்து வரையப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அங்கிருந்து வந்த ஒருவரின் குறிப்பேடோ வரைபடமோ ஓவியரின் மேசையில் இருந்திருந்தால் இந்தத் தலைப்பு வந்திருக்காது. பத்திரிகைச் செய்திகள் கலந்த நினைவிலிருந்துதான் தலைப்பு பிறந்திருக்கிறது. படமும் அப்படித்தான் பிறந்திருக்கும் என்று எதிர்பார்த்து மேலே போங்கள்.

அதே படத்தின் கையொப்பம் இன்னும் சுவையானது. 'யெரென்ராக்' என்று இருக்கிறது. பிரெஞ்சு எழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னால் படித்தால் கார்னெரே என்று வரும். கார்னெரே குடும்பத்தில் ஓவியர்கள் பலர்: தந்தை ஷான்-பிரான்சுவா, மகன்கள் லூயி, ஓகுஸ்த், இப்போலித். பட்டியல்களில் லூயியின் பெயரைத்தான் உடனே எழுதிவிடுவார்கள். அவர் கடற்காட்சி ஓவியர், இளமையில் கடலில் அலைந்தவர், 1806 முதல் 1814 வரை போர்ட்ஸ்மத்தில் ஆங்கிலேயரின் சிறைக்கப்பல்களில் கைதியாகக் கிடந்தவர். கதைக்கு அவர் மிகவும் பொருந்துவதால் மனம் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. நீங்கள் குறிப்பு எழுதும்போது 'கார்னெரே, பெயர் தலைகீழாக' என்று எழுதி, லூயி என்பதை அடுத்த வரியில் கருத்தாக வையுங்கள். பெயரை ஏன் திருப்பினார் என்பதற்கும் ஒரே விடை வேண்டாம். அரசியல் அச்சம் காரணமாக இருக்கலாம், மலிவுப் படத்தில் தன் பெயர் நேரடியாக வேண்டாம் என்றும் இருக்கலாம். இரண்டையும் எழுதி வைக்கலாம்.

ஓரத்தை வெட்டிய பிரதிகள் நிறைய உண்டு. எழுத்து போய்விட்டால், பிரான்சில் 1811 முதல் வெளிவந்த அதிகாரப்பூர்வ நூல்பட்டியல் வார இதழ் உதவும். நூல்களோடு படங்களும் அதில் பதிவானதால், தலைப்பைக் கொண்டு வெளியான வாரத்தைக்கூடப் பிடிக்க முடியும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையச் சேகரிப்பில் அந்த இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

நிலம், மரம், வானம்

இப்போது படத்துக்குள் போகலாம். லிபர்ட்டி பக்கம் காரில் போனவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த நிலம் தட்டை. கடல்மட்டத்திலிருந்து சில பத்து அடி உயரம்தான். ஆறு கலங்கலாக, வளைந்து வளைந்து, அடிக்கடி கரையைத் தாண்டி ஓடும். கரையில் சைப்ரஸ் மரங்கள் தண்ணீரிலேயே நிற்கும். ஓக் கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி தாடி போல் தொங்கும். கொசு, முதலை, களிமண். கோடையில் காற்றே ஈரத் துணியாக இருக்கும்.

படத்தில் பின்னணியில் மலை இருக்கிறதா? இருந்தால் அது டிரினிட்டி இல்லை. பாரிஸ் ஓவியர் 'தொலைதூர நாடு' என்பதற்கு வழக்கமாகப் போடும் திரை. உயரமான தண்டுள்ள பனையோ தென்னையோ இருக்கிறதா? டிரினிட்டிப் பள்ளத்தாக்கில் இயல்பாக வளரும் பனை இனம் குட்டைப் பால்மெட்டோ. அதற்கு வெளியில் தெரியும் தண்டே கிடையாது, விசிறி இலைகள் இடுப்பளவுக்கு மண்ணிலிருந்தே கிளம்பும். ஆக, நெட்டைப் பனை வரைந்தவர் மேற்கிந்தியத் தீவுகளின் படங்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, 'அங்கே இருந்தது', 'அங்கே இருந்திருக்க முடியாது', 'சொல்ல முடியாது' என்று மூன்று குறிகள் போட்டுக்கொண்டே வாருங்கள். சூரியன் எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்பதற்கெல்லாம் நேரம் செலவிட வேண்டாம். ஓவியருக்கும் அதில் அக்கறை இருந்ததில்லை.

கட்டடங்களில் நிற்க வேண்டும். நேர்கோட்டில் வீடுகள், நடுவில் தெரு, ஓரத்தில் வேலி என்று இருந்தால் அது ஒரு பிரெஞ்சு கிராமத்தின் கனவு. அங்கே இருந்தவை கோட்டைச் சுவர், அகழி, மரக்குடிசைகள். படத்தில் கோட்டை எவ்வளவு சிறிதாகிறதோ, உழவு எவ்வளவு பெரிதாகிறதோ, அவ்வளவுக்கு ஓவியர் லாலமானின் அறிக்கைக்கு நெருக்கமாக வரைகிறார் என்று பொருள். ஏர் பிடித்த போர்வீரன் என்பது அந்த ஆண்டுகளில் பிரான்ஸ் முழுக்க விரும்பப்பட்ட உருவம். 1820இல் ஒராஸ் வெர்னே என்ற ஓவியர் அதையே ஓவியமாகத் தீட்டினார். மண்வெட்டியும் மார்பில் பதக்கமும் ஒரே ஆளிடம் இருந்தால், நீங்கள் பார்ப்பது அந்த உருவம். என்னிடம் பதிப்பாளர் பெயர் வெட்டுப்பட்ட ஒரு சிறிய பிரதி இருக்கிறது. அதில் ஓர் அதிகாரி மண்வெட்டிக் கைப்பிடியில் இரு கைகளையும் வைத்து நிற்கிறார், சட்டையில் சிலுவைப் பதக்கம், காலணியில் ஒரு துளி சேறு இல்லை. அந்தக் காலணியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்களுக்காக எனக்கு மனம் கனக்கிறது. சொந்த நாட்டில் இடமில்லாதவர்கள் அவர்கள். படம் வாங்கியவருக்கு அவர்கள் சுத்தமாக, பசியில்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

யார் இல்லை என்பதையும் பாருங்கள். அந்த ஆற்றங்கரை வெற்றிடம் இல்லை, கொஷாட்டா என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஹார்ட்மன், மில்லார்ட் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது: சாலட் கீரை போல இருந்த ஒரு செடியைத் தின்று குடியேறிகள் கும்பலாக விஷம் ஏறி விழுந்தபோது, ஒரு கொஷாட்டா மனிதர்தான் மூலிகை கொடுத்துக் காப்பாற்றினார். படங்களில் உள்ளூர் மக்கள் வந்தால் இறகுத் தலைப்பாகையோடு ஓரத்தில் வியந்து நிற்பார்கள். காப்பாற்றியவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். லஃபீட்டையும் படத்தில் தேடாதீர்கள். அவர் உதவியில்லாமல் இவர்கள் உயிரோடு திரும்பியிருப்பது கடினம், ஆனாலும் அவரைச் சேர்த்தால் அடைக்கலக் கதை கறைபடும்.

கொடியும் ஒளித்த உருவங்களும்

தேதியிடுவதற்கு எனக்குப் பிடித்த வழி கொடி. பூர்போன் ஆட்சியில் பிரான்சின் கொடி வெள்ளை. மூவர்ணம் காட்டுவது குற்றம். 1815 நவம்பரில் வந்த சட்டம் அரசுக்கு எதிரான கூச்சல், எழுத்து, சின்னம் எல்லாவற்றையும் தண்டித்தது. ஆகவே படத்தில் கொடி இருந்தால், முதலில் அதைப் பொறித்த கோடுகளைப் பாருங்கள், அப்புறம் வண்ணத்தைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கைகளின் வேலை, வேறு வேறு காலமாகவும் இருக்கலாம். கொடி சுருண்டு கிடக்கிறதா, நிறமில்லாமல் விடப்பட்டிருக்கிறதா? அப்படியானால் 1830க்கு முந்தைய எச்சரிக்கை அங்கே தெரிகிறது. நீலம், வெள்ளை, சிவப்பு தெளிவாகப் பூசப்பட்டிருந்தால், 1830 ஜூலைப் புரட்சிக்குப் பிறகு பூசியதா என்று சந்தேகப்பட வேண்டும். செப்புத் தகடு கடையில் பல ஆண்டுகள் கிடக்கும். தேவை வந்தால் மறுபடி அச்சடிப்பார்கள். தகட்டின் வயதும் தாளின் வயதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

சட்டத்தின் ஏற்ற இறக்கத்தையும் வலப்பத்தியில் சேருங்கள். 1819 மே, ஜூனில் பத்திரிகைச் சட்டங்கள் தளர்ந்தன. 1820 பிப்ரவரியில் மன்னரின் தம்பி மகனான பெரி கோமகன் கொலையானார், மார்ச் 31ஆம் தேதி வந்த சட்டம் படங்களுக்கு முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. நன்கொடை முடிந்த கோடையும் தணிக்கை தளர்ந்த காலமும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். ஷாம் தாசீல் படங்கள் அப்போது குவிந்ததில் வியப்பில்லை.

மரங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடங்களையும் ஒருமுறை பாருங்கள். நெப்போலியன் விசுவாசிகளின் படங்களில் அவரது முக வடிவத்தை ஒளித்து வைப்பது ஒரு கலையாகவே இருந்தது. 1815இல் வந்த ஊதாப்பூக் கொத்துப் படத்தில் இலைகளுக்கு நடுவே மூன்று முகங்கள் இருக்கும். செயின்ட் ஹெலினா கல்லறைப் படங்களில் இரண்டு மரங்களின் இடைவெளியே அவர் நிற்கும் வடிவமாகும். உங்கள் படத்தில் அது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். வலிந்து முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

அசலா, பின்னாளைய நகலா

இதற்குப் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றும், பக்கவாட்டில் பிடிக்க ஒரு சிறு விளக்கும் போதும்.

முதலில் படத்தைச் சுற்றித் தகட்டின் அழுத்தம் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். செப்புத் தகட்டு அச்சுக்கு அது இருக்கும், ஓரம் வெட்டியிருந்தால் போயிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், பொறித்த கோடுகளில் மை தாளுக்கு மேலே சற்று எழும்பி நிற்பது தெரியும். வானமும் நிழலும் அக்வாடின்ட் முறையில் இருந்தால் உருப்பெருக்கியில் ஒழுங்கற்ற வெள்ளைத் தீவுகளும் அவற்றைச் சுற்றிக் கருமையான வலையும் தெரியும். பிசின் துகள் தகட்டில் ஒட்டி, அமிலம் இடைவெளிகளை மட்டும் அரித்ததன் அடையாளம் அது. லித்தோகிராஃப் என்றால் கரடுமுரடான கல்லில் மெழுகுக் குச்சி ஓடிய துகள் தெரியும், எழும்பிய மை இருக்காது. பாரிசில் லித்தோகிராஃப் அச்சகங்கள் 1816 முதலே இருந்ததால், லித்தோ என்பதற்காக மட்டும் படத்தை ஒதுக்கிவிட முடியாது.

வரிசை வரிசையாக ஒரே அளவு இடைவெளியில் புள்ளிகள் இருந்தால் அது நவீன அச்சு, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏமாற்றக்கூடியது கொலோடைப் என்ற பின்னாளைய ஒளிப்பட அச்சு முறை. அதன் துகள் அக்வாடின்ட் போலவே நெளிநெளியாக இருக்கும், பழைய படங்களை நகலெடுக்க நிறையப் பயன்பட்டது. கோட்டில் மை எழும்பவில்லை, கோடும் நிழலும் ஒரே துகளால் ஆனவை என்றால் அதைச் சந்தேகியுங்கள். தாளைப் புறஊதா விளக்கில் காட்டுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ந்த, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதித் தாள். 1819ஆம் ஆண்டுத் தாள் கந்தல் துணியில் செய்தது, மங்கலாகவே இருக்கும்.

கைவண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பது நல்ல அறிகுறி. மலிவுப் படங்களுக்கு வேகமாக வண்ணம் பூசினார்கள். பச்சைக்குப் பின்னால் தாளின் மறுபக்கம் பழுப்பாகியிருந்தால் அது செம்பு கலந்த பச்சை, பல ஆண்டுகள் தாளை அரித்திருக்கிறது. கோடு பழையது, வண்ணம் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால், விற்பனைக்காக யாரோ சமீபத்தில் பூசியிருக்கலாம். அப்படிப்பட்ட பிரதிக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

வைத்துக்கொள்வதும் பெயரெழுதுவதும்

காப்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். அமிலமில்லாத அட்டை, ஜப்பானியத் தாளில் செய்த கீல், கோதுமை மாவுப் பசை. ஒட்டுநாடா எந்த நிலையிலும் கூடாது. மாட்டினால் புறஊதா தடுக்கும் கண்ணாடி போட்டு, வெயில் விழாத சுவரில், வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்கு மேல் போகாமல். டெக்சாஸ் வளைகுடாப் பக்கம் இருப்பவர்கள் ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்குக் கீழே வைக்காவிட்டால் பூஞ்சை வரும். பழுப்புப் புள்ளிகளை நீங்களே வெளுக்க முயலாதீர்கள், கைவண்ணம் போய்விடும். அதற்குத் தாள் பழுதுபார்ப்பவர் இருக்கிறார்.

விவரக்குறிப்பு எழுதுவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். படத்தின் பின்புறம் எழுத வேண்டாம், உறையில் பென்சிலால் எழுதுங்கள். நான் எழுதும் விதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'டெக்சாஸ் ஷாம் தாசீல் குடியிருப்பின் கற்பனைக் காட்சி. பாரிஸ், ஏறக்குறைய 1819. செப்புத் தகட்டு அச்சு, கைவண்ணம். கையொப்பம் யெரென்ராக் (கார்னெரே, தலைகீழாக). தலைப்பில் வரும் ஏக்ல்வீல் அலபாமாவைச் சேர்ந்தது. படம் வெளியானபோது குடியிருப்பு கைவிடப்பட்டிருந்தது. அகதிகளுக்கான நன்கொடை இயக்கத்தின் காலத்தைச் சேர்ந்தது. கொடி: வண்ணமில்லை. உள்ளூர் மக்கள்: இல்லை.'

கொடி, உள்ளூர் மக்கள் பற்றிய வரிகள் உங்கள் பிரதியில் காண்பதற்கேற்ப மாறும். 'ஏறக்குறைய' என்ற சொல்லை, நூல்பட்டியல் இதழில் பதிவு கிடைத்தால் மட்டும் எடுத்துவிடலாம். மொழிபெயர்த்த தலைப்புக்குக் கீழே, படத்தில் உள்ள பிரெஞ்சுத் தலைப்பை எழுத்துப்பிழைகளோடு அப்படியே எடுத்தெழுதுங்கள். வேறொரு நூலகத்தில் இதே படத்தின் இன்னொரு பிரதியை வைத்திருப்பவர் அந்தத் தலைப்பைக் கொண்டுதான் உங்களுடையதைத் தேடிக் கண்டுபிடிப்பார்.